மார்ச் 24-உம் நான் சொன்ன ஒரு சொல்லும்



1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் கோக், காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததை அறிவித்தார். அதனால் அது உலகக் காசநோய் நாள். 2020-இல் அதே நாள் இரவு 8 மணிக்கு நாடு முழுவதற்கும் ஊரடங்கு அறிவித்தார்கள். டி.வி. முன் உட்கார்ந்திருந்த எனக்குக் காசநோய் நாள் நினைவிலேயே இல்லை.

முன்பெல்லாம் காசநோய் என்றால் தாம்பரம் சானடோரியம் போன்ற இடத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும். படுக்கைகளோ போதாது. 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு மையம், ஏழை நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியத்திலும் மறு பாதியை வீட்டிலும் வைத்து ஓராண்டு மருந்து கொடுத்துப் பார்த்தது. ஏறக்குறைய ஒரே அளவு குணம். வீட்டில் இருந்தவர்களுக்கும் கூடுதலாகத் தொற்றவில்லை. 1959-இல் முடிவு வெளியானது. உலகமே மெல்ல வீட்டு வைத்தியத்துக்கு மாறியது. ஆனால் ஒரு நிபந்தனை. நோயாளி மருந்தைத் தேடி வர வேண்டும், இல்லையேல் மருந்து அவரைத் தேடிப் போக வேண்டும்.

கொரோனா அதைத்தான் அறுத்தது. பஸ் இல்லை. காசநோய்ப் பணியாளர்கள் கொரோனா வேலைக்குப் போனார்கள். சளி பார்க்கும் சிபிநாட், ட்ரூநாட் கருவிகளும் பல இடங்களில் அதற்கே போயின. இந்தியாவில் பதிவான நோயாளிகள் 2019-இல் சுமார் 24 லட்சம். 2020-இல் சுமார் 18 லட்சம். நோய் குறையவில்லை, கண்டுபிடிப்பதுதான் குறைந்தது. உலகில் ஆண்டுதோறும் குறைந்து வந்த காசநோய்ச் சாவு, அந்த ஆண்டு மறுபடி ஏறியது.

அந்தக் கணக்கில் ஒன்று என்னுடையது. லாஸ்பேட்டையில் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர், ஆட்டோ ஓட்டுகிறார். 2020 ஜூனில் போன் செய்தார்.

"சார், மூணு வாரமா இருமல். ஆஸ்பத்திரிக்குப் போனா கொரோனான்னு அடைச்சு வச்சிடுவாங்களோன்னு பயமா இருக்கு."

"கொஞ்ச நாள் வீட்லயே இருப்பா" என்றேன்.

அக்டோபரில்தான் சளிப் பரிசோதனை செய்தார். காசநோய். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுக் குணமானார். அதே அறையில் படுத்திருந்த அவருடைய அம்மாவுக்கும் தொற்றியிருந்தது. அந்த அம்மா பிழைக்கவில்லை.

அவர் இன்றும் வழியில் பார்த்தால் ஆட்டோவை நிறுத்தி "சார்" என்கிறார். ஒரு நாளும் குத்திக் காட்டியதில்லை. எனக்குத்தான் பேச்சு வருவதில்லை.

பிள்ளைகளே, இரண்டு வாரம் தாண்டிய இருமல் என்றால் அரசு சுகாதார நிலையத்துக்குப் போங்கள். பரிசோதனை, மருந்து இரண்டுமே இலவசம். யாராவது பயந்து போன் செய்தால் "வீட்லயே இரு" என்று சொல்லாதீர்கள். "கிளம்பு, நானும் வரேன்" என்று சொல்லுங்கள்.