ஓடும்போதே வளரும் கணினி

கழக்கூட்டத்தில் டெக்னோபார்க் பிறந்தது 1990-இல். வாடிக்கையாளரின் டேட்டாபேஸ் திணறுகிறது என்று இன்று அங்கே அழைப்பு வந்தால், நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து வேலை பார்க்கும் ஒரு இன்ஜினியர் திரையில் ஓர் எண்ணை மாற்றி, ஓடிக்கொண்டிருக்கும் சர்வருக்கே கூடுதல் மெமரி கொடுத்துவிடுவார். ரீஸ்டார்ட் கிடையாது. ‘ஹாட் ஆட்’ என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறோம். ஆனால் இந்த வித்தை ஒருமுறை கைவிடப்பட்டு, இன்னொரு முறை போட்டியாளருக்கே விற்கப்பட்டு வந்து சேர்ந்தது.

1965 வாக்கில் அமெரிக்காவில் எம்.ஐ.டி., ஜெனரல் எலக்ட்ரிக், பெல் லேப்ஸ் மூன்றும் சேர்ந்து மல்டிக்ஸ் என்ற அமைப்பைக் கட்டத் தொடங்கின. மின்சாரம் மாதிரி கணினியும் வீடு தேடி வர வேண்டும் என்பது கனவு. மின்நிலையத்தை விரிவாக்க ஊரையே இருட்டாக்க முடியுமா? எனவே பிராசஸரையும் மெமரிப் பெட்டியையும் ஓட்டத்திலேயே சேர்க்கவும் கழற்றவும் வழி தேடினார்கள். ரோஜர் ஷெல் 1971-இல் இதைப் பற்றியே முனைவர் பட்ட ஆய்வேடு எழுதினார்.

இதற்கிடையே, 1969-இல் பெல் லேப்ஸ் விலகிக்கொண்டது. அங்கே கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் சின்னதொரு பி.டி.பி.-7 இயந்திரத்தில் யூனிக்ஸை எழுதினார்கள். ஒற்றைப் பிராசஸரில் எதைச் சேர்ப்பது, எதைக் கழற்றுவது? யூனிக்ஸ் உலகத்தைப் பிடித்தது. மல்டிக்ஸின் கடைசி இயந்திரம் 2000 அக்டோபரில் கனடாவின் ஹாலிஃபாக்ஸில் நின்றுபோனது.

வித்தையை விடாமல் வைத்திருந்தவர்கள் வியாபாரிகள்தான். பழுதான பாகத்தை நிறுத்தாமலே மாற்றக்கூடிய டேண்டம் நிறுவனத்தின் முதல் கணினியை 1976-இல் வாங்கியது சிட்டிபேங்க். அடுத்த திருப்பம் இன்னும் வேடிக்கை. 1996-இல் கிரே நிறுவனத்தை வாங்கிய சிலிக்கான் கிராஃபிக்ஸ், அதன் வணிக சர்வர் பிரிவைத் தன் போட்டியாளரான சன் நிறுவனத்துக்குத் தள்ளிவிட்டது. மறு ஆண்டே அந்தப் பிரிவின் படைப்பு சன் பெயரில் ‘எண்டர்பிரைஸ் 10000’ ஆக வந்து சக்கைப்போடு போட்டது. 64 பிராசஸர்கள் வரை கொள்ளும். போர்டு போர்டாக, ஓட்டத்திலேயே சேர்க்கலாம். விற்றவர்கள் கைபிசைந்திருப்பார்கள்.

2000-களின் நடுவில் ஐ.பி.எம்., ஃபுஜிட்சு போன்றவற்றின் இன்ஜினியர்கள் இதை லினக்ஸுக்குள் கொண்டுவந்தார்கள். யூனிக்ஸ் வழிவந்த பிள்ளை, மல்டிக்ஸின் பாடத்தைப் படிக்க முப்பது வருடத்துக்கு மேல் ஆனது! சேர்ப்பது பெரிய பாடில்லை. புது நோட், அதாவது பிராசஸர்களும் அவற்றுக்குப் பக்கத்து மெமரியும் சேர்ந்த தொகுதி, வந்திருப்பதை ஃபர்ம்வேர் சொல்லும், கர்னல் அதன் மெமரிக்குக் கணக்கு எழுதிக்கொள்ளும். கழற்றுவதுதான் வம்பு. பந்தியில் புது இலை போடலாம், சாப்பிட உட்கார்ந்தவரை எழுப்ப முடியுமா? கர்னல் தன் சொந்தத் தரவு சிலவற்றை இடம்பெயர்க்க முடியாமல் வைத்திருப்பதால், அவை இருக்கும் மெமரியை இன்றும் லேசில் பிடுங்க முடியாது.

கழக்கூட்டத்துக்குப் பக்கத்துத் தும்பாவில் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் 2011-இல் நிறுவிய சாகா-220 சூப்பர் கம்ப்யூட்டரோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 400 பிராசஸர்களும் 400 கிராஃபிக்ஸ் பிராசஸர்களும் கொண்ட அத்தகைய கூட்டமைப்பில் ஒவ்வொரு நோடும் தனிக்குடித்தனம். இன்னொன்று சேர்ந்தால் மற்றவற்றுக்குத் தலைவலி இல்லை. பல நோடுகளும் ஒரே ஆபரேட்டிங் சிஸ்டத்தின் கீழ் கூட்டுக்குடும்பமாக இருக்கும்போதுதான் சிக்கல்.

பெரிய சர்வருக்காக எழுதிய அந்த நிரல் தற்செயலாக மடிக்கணினிக்கும் உதவியது. லினக்ஸ் லேப்டாப்பைத் தூங்கவைக்கும்போது, ஒரு பிராசஸரை விட்டு மற்றவற்றைக் ‘கழற்றி’ வைப்பது அதே ஏற்பாடுதான்.

2009-இல் விஎம்வேர் இதை விர்ச்சுவல் இயந்திரங்களுக்குத் தந்ததும் போர்டும் ஸ்க்ரூடிரைவரும் மறைந்தன. நோட் மறையவில்லை. அங்கே சிபியு ஹாட் ஆடை இயக்கினால், வழக்கமான அமைப்பில், விருந்தினர் இயந்திரத்துக்கு நோடு விவரம் காட்டப்படாது. எந்த மெமரி பக்கத்தில், எது தூரத்தில் என்று தெரியாமல் அது திண்டாடும். பல நோடுகளில் பரவும் பெரிய டேட்டாபேஸ் உங்கள் பொறுப்பில் இருந்தால், தேவையில்லாமல் அந்தப் பெட்டியில் டிக் போடாதீர்கள்.