மறைந்து வாழ்ந்த அறிவியலாளர்களும் அவர்கள் கட்டிய மன்றங்களும்

அமெரிக்க அதிபர் ஐசனாவர் 1953 ஏப்ரலில் பிறப்பித்த 10450ஆம் எண் நிர்வாக ஆணை, கூட்டரசின் பணியிலிருந்து ஒருவரை விலக்குவதற்குரிய காரணங்களுள் ‘பாலியல் பிறழ்வு’ என்பதையும் சேர்த்தது. தன்பாலீர்ப்பாளர், அதாவது தம் பாலினத்தவரையே விரும்புவோர், அதனை மறைத்து வாழ்வதால் அயல்நாட்டு உளவாளிகளின் மிரட்டலுக்குப் பணிந்துவிடுவர் என்பது அதற்குக் கூறப்பட்ட நியாயம். அவர்களை மறைந்து வாழச் செய்ததே சட்டமும் சமூகமும்தான் என்பதை அந்த ஆணை எண்ணிப் பார்க்கவில்லை. அணு ஆய்வு, ஏவுகணை, நிலப்பட வரைவு எனப் பனிப்போர்க் கால அறிவியலின் பெரும்பகுதி, இரகசிய ஆவணங்களைக் கையாள அரசு வழங்கும் ஒப்புதலாகிய பாதுகாப்பு அனுமதியைச் சார்ந்திருந்தமையால், இந்த விலக்கு அறிவியலாளரைக் கடுமையாகத் தாக்கியது.

மாறொளி விண்மீன்களை ஆராய்ந்து 1956இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற ஃபிராங்க் காமெனி, அடுத்த ஆண்டு இராணுவ நிலப்படப் பிரிவில் வானியலாளராகச் சேர்ந்து, அவ்வாண்டு முடிவதற்குள் தன்பாலீர்ப்பாளர் என்பதால் பணிநீக்கம் செய்யப்பட்டார். சோவியத் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் விண்ணேறியதால் அறிவியலாளருக்காக அமெரிக்கா பதறித் தேடிய அதே மாதங்களில், பயிற்சி பெற்ற வானியலாளர் ஒருவரை அரசே வெளியேற்றியதும், அவர் அதன்பின் வானியல் பணிக்குத் திரும்பவே இயலாமற் போனதும், தனியொருவரின் இழப்பாக மட்டும் கருதத்தக்கவை அல்ல. பணிநீக்கத்தை எதிர்த்துக் காமெனி தாமே எழுதிய மனுவை உச்ச நீதிமன்றம் 1961இல் ஏற்க மறுத்தது. அவ்வாண்டிலேயே அவர் செயற்பாட்டாளர் ஜாக் நிக்கோல்ஸுடன் சேர்ந்து, தன்பாலீர்ப்பாளர் உரிமைக்காக வாஷிங்டன் மாட்டஷீன் சங்கத்தை நிறுவினார்.

அச்சங்கத்தின் வாதங்களில் அறிவியல் பயிற்சியின் தடம் தெளிவாகத் தெரிகிறது. தன்பாலீர்ப்பு ஒரு நோய் என்று கூறுவோரே அதற்குச் சான்று காட்ட வேண்டும், சான்று இல்லாதவரை அது நோயன்று என்று காமெனி வலியுறுத்தினார். இரக்கத்தை வேண்டி நின்ற முந்தைய குரல்களைவிட இது உறுதியான நிலைப்பாடு. 1972இல் டல்லஸ் நகரில் கூடிய அமெரிக்க உளநல மருத்துவர் சங்க மாநாட்டில், காமெனியும் உரிமைச் செயற்பாட்டாளர் பார்பரா கிட்டிங்ஸும் அமர்ந்திருந்த அதே மேடையில், உளநல மருத்துவர் ஒருவர் முகமூடி அணிந்து, குரலையும் மாற்றிக்கொண்டு, தாமும் தன்பாலீர்ப்பாளரே என்று அறிவித்தார். ஜான் ஃபிரையர் என்னும் அம்மருத்துவர் பெயரைச் சொல்லியிருந்தால் வேலையை இழந்திருக்கக்கூடும் என்பதே, தம்மைப் போன்றோரை நோயாளிகள் என்று வகைப்படுத்திய துறைக்குள் அவர் எந்நிலையில் பணியாற்றினார் என்பதை உணர்த்தும். அடுத்த ஆண்டு டிசம்பரில் உளநல மருத்துவர் சங்கம் தன்பாலீர்ப்பைத் தன் நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது.

நீதிமன்றங்களும் மெல்ல அசைந்தன. நாசாவில் வரவுசெலவு ஆய்வாளராக இருந்து 1963இல் நீக்கப்பட்ட கிளிஃபோர்டு நார்ட்டனின் வழக்கில், தனிவாழ்வுக்கும் பணித்திறனுக்கும் தொடர்பு உண்டெனக் காட்டாமல் ஒருவரை நீக்கலாகாது என்று 1969இல் தீர்ப்பாயிற்று. 1975இல் அரசுப்பணி ஆணையம் பொதுவான தடையைக் கைவிட்டது. பாதுகாப்பு அனுமதியை மறுக்கும் வழக்கமோ 1995இல் அதிபர் கிளின்டன் பிறப்பித்த ஆணைவரை முறைப்படி விலகவில்லை. காமெனிக்கு இழைத்த அநீதிக்காக அரசு மன்னிப்புக் கேட்ட 2009இல் அவருக்கு வயது 84.

தடைகள் தளர்ந்தபோதும் ஆய்வுக்கூடங்களில் தனிமை நீடித்தது. ஒருவர் மற்றொருவரை அறிந்துகொள்ளும் வழியே இல்லாதிருந்தது. 1980களில் அமெரிக்க அறிவியல் முன்னேற்றச் சங்கத்தின் மாநாடுகளையொட்டி உருவான தன்பாலீர்ப்பு அறிவியலாளர், தொழில்நுட்பர் தேசிய அமைப்பு இக்குறையை நேரடியாக எதிர்கொண்டது. பால்புதுமையினர், அதாவது தன்பாலீர்ப்பாளர், இருபாலீர்ப்பாளர், திருநர் முதலியோர், தம் துறை மாநாட்டிலேயே கூடிப் பேச ஓர் அறை கிடைத்தமை சிறிய ஏற்பாடாகத் தோன்றலாம். வழிகாட்டிகளையும் பரிந்துரைகளையும் நம்பியே வளரும் ஆய்வுத்துறையில் அதன் பயன் பெரிது.

திருநர் ஆய்வாளருக்குப் பெயரே தனிச்சிக்கலாயிற்று. கணினி ஆணைகளை ஒரே சுற்றில் பலவாக நிறைவேற்றும் முறையை 1960களில் வகுத்த லின் கான்வே, பாலினம் மாறப்போவதாக அறிவித்ததால் 1968இல் ஐபிஎம் நிறுவனத்திலிருந்து நீக்கப்பட்டார். புதிய பெயரில் வாழ்வைத் தொடங்கிய அவர், பழைய பணியைத் தமதென்று சொல்ல முடியாமல் பல்லாண்டுகள் கழித்தார். பின்னர் மின்னணுப் பொறியாளர் கார்வர் மீடுடன் எழுதிய நூலால் சில்லு வடிவமைப்புக் கல்வியையே மாற்றியமைத்தார். ஐபிஎம் 2020இல் அவரிடம் மன்னிப்புக் கேட்டது. அடுத்த ஆண்டு, அமெரிக்க அரசின் 17 தேசிய ஆய்வகங்களும் முன்னணி அறிவியல் பதிப்பகங்களும், பெயர் மாற்றிய ஆய்வாளர் தம் பழைய கட்டுரைகளிலும் புதிய பெயரைப் பதித்துக்கொள்ளத் துணைபுரியும் கூட்டு ஏற்பாட்டை அறிவித்தன.