முகம் இருக்கு, மலை எங்கே?

இது கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படிங்க.

போன வாரம் எங்க வீட்டில் தாத்தாவுக்குத் திதி. சாமி மேடையில் வைக்க எங்களிடம் இருப்பது ஒரே ஒரு படம். 1948-இல் அவசரகாலம் வந்தபோது அடையாளக் கார்டுக்கு எடுத்தது. அதைத்தான் பெரிசாக்கிச் சட்டம் போட்டு வச்சிருக்கோம். என் பேரன் அதைப் பார்த்துட்டு, "தாத்தா, இவர் எங்க நிக்கிறார்?"னு கேட்டான். எனக்குப் பதில் வரல. முகத்துக்குப் பின்னால் வெறும் வெள்ளை. மரம் இல்லை, லயம் இல்லை, மலையும் இல்லை.

எங்க தாத்தா திருச்சிப் பக்கம். அங்கே 1858-லேயே மலைக்கோட்டையைப் படம் பிடிச்சிருக்காங்க. மதராஸ் அரசாங்கம் நியமிச்ச லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி எடுத்த படம். அப்போ நெகட்டிவ் காகிதத்தில்தான். லென்ஸை ரொம்ப நேரம் திறந்து வைக்கணும். அதனால் அசையாமல் நிற்கிற மலை பதியும், நடந்து போகிற மனுசன் பதிய மாட்டான். என் பாட்டனுக்குப் பாட்டன் அந்த வழியே போயிருந்தாலும் படத்தில் இருக்க மாட்டார். ஆனா அவர் பார்த்த மலை இருக்கு.

நம்ம மலாயாவும் அப்படித்தான். மேடானில் ஸ்டூடியோ வச்சிருந்த கிளெய்ன்குரோத்தே என்ற ஜெர்மானியர் 1907-இல் மலாயா படங்களை ஆல்பமாகப் போட்டார். ஊர் பேர் இருக்கும், வேலை செஞ்ச கூலிகளின் பேர் இருக்காது. நம்ம பக்கத்தில் பத்து காஜா ரோட்டில் கெல்லிஸ் காசில் இருக்கே, அதைக் கட்டும்போது விஷக் காய்ச்சல் வந்து நம்ம ஆளுங்க பலர் செத்தாங்க. மாரியம்மனுக்குக் கோயில் கட்டணும்னு கேட்டாங்க, கெல்லி ஸ்மித் துரை கட்டிக் கொடுத்தார். அந்தக் கோயில் மேலே சாமிகளோடு சாமியாகத் துரையின் உருவமும் நிக்குது. செத்துப்போனவங்களில் ஒருத்தர் பேராவது நமக்குத் தெரியுமா?

முகம் ஒரு பக்கம், இடம் ஒரு பக்கம்னு பிரிஞ்சு கிடக்கு. இரண்டையும் சேர்க்க ஒரே சாட்சி நம்ம சுண்ணாம்புக்கல் மலைகள்தான். தோட்டம் பிரிஞ்சுபோச்சு, பால்மரம் போய் வீடமைப்பு வந்துடுச்சு, லயம் இருந்த அடையாளமே இல்லை. ஆனா மலையின் மேல்கோடு கைரேகை மாதிரி. பழைய படத்தில் இரண்டு மலை எப்படி ஒன்றை ஒன்று மறைக்குதுன்னு பார்த்து, அதே மாதிரி தெரியுற வரைக்கும் நடந்தால், படம் எடுத்தவர் நின்ற இடத்துக்கே போய் நிக்கலாம்.

ஆனா அந்தக் கோடு மாறிக்கிட்டே வருது. இதை நான் குறையாகச் சொல்ல முடியாது. நான் சூப்பர்வைசராக இருக்கும் தொழிற்சாலையிலும் அந்தக் கல்லைத்தான் அரைக்கிறோம். பெயிண்டிலும் காகிதத்திலும் போகிற வெள்ளைத் தூள் அது. என் பிள்ளைகள் படிச்சது அந்தச் சம்பளத்தில்தான். 25 கோடி வருசத்துக்கும் மேலான மலை, ஒரு ஷிப்டில் எத்தனை டன் போகுதுன்னு கையெழுத்துப் போடுறவன் நான். அதனால்தான் மனசு உறுத்துது.

மலை சும்மா கல் இல்லை. ஈப்போ குனோங் சீரோவில் மலையடியில்தான் நம்ம கல்லுமலை முருகன். அதே மலையில் 1973-இல் பாறை சரிஞ்சு 40 பேர் வரை இறந்தாங்க. அப்படியும் நாம கும்பிடுவதை விடல. தோட்டத்து முனியாண்டிக்கும் நம்ம முன்னோர் முதலில் கோபுரமா கட்டினாங்க? மரத்தடியில் ஒரு கல்லும் சூலமும்தான். இடத்தைத்தான் கும்பிட்டாங்க.

அதனால் ஒரு வேண்டுகோள். ஆடி அமாவாசைக்குள் உங்க பெரியவங்களைக் கூட்டிக்கிட்டு அவங்க வாழ்ந்த இடத்துக்குப் போங்க. மலை முழுசாகத் தெரியுற மாதிரி அவங்களை நிற்க வச்சு ஒரு படம் எடுங்க. காலை வெயிலில் எடுத்தால் கோடு தெளிவாக விழும். பின்னால் தேதி, தோட்டத்தின் பேர், அங்கே இருந்தவங்க பேர் எல்லாம் எழுதிக் கோயிலில் கொடுங்க. பத்திரமாக வச்சுக்கிறோம்.

நான் நேற்றே போனேன். தாத்தா படத்தைக் கையில் பிடிச்சுக்கிட்டு, பழைய தோட்டம் இருந்த பக்கம் மலையைப் பார்த்து நின்னேன். பேரன்தான் படம் எடுத்தான். இனி அவன் கேட்டால் சொல்ல பதில் இருக்கு.

முருகா சரணம்.