வாக்கிங் மட்டும் போனா போதுமா? கொஞ்சம் வரலாறு பேசுவோம்

"டாக்டர், பத்து வருஷமா வாக்கிங் போறேன். ஒரு நாள் விட்டதில்ல. அப்புறம் எப்படி நான் விழுந்தேன்?"

பெரம்பலூர் பக்கத்து ஓய்வுபெற்ற ஆசிரியர். வயது 67. சுகர், பிரஷர் இரண்டும் கட்டுக்குள். பாத்ரூம் வாசற்படியில் தடுமாறி விழுந்திருக்கிறார். நல்லவேளை, மணிக்கட்டு வீக்கத்தோடு போச்சு. எக்ஸ்ரேயில் முறிவு இல்லை.

"சார், ரெண்டு கையையும் நெஞ்சுக்குக் குறுக்கே கட்டிக்கிட்டு, இந்த நாற்காலியில எழுந்து எழுந்து உட்காருங்க. 30 செகண்ட்" என்றேன்.

7 தடவை. அதுக்கு மேல முடியல. 65 முதல் 69 வயதுள்ள ஆண் 12 தடவைக்குக் கீழே எழுந்தால் அது சராசரிக்கும் குறைவு. விழும் ஆபத்து இருக்கு என்று அர்த்தம். தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறவருக்கு, நாற்காலியை விட்டு எழும் பலம் இல்லை!

அவருக்கு அடுத்த டோக்கன் ஒரு அம்மா. சின்ன வெங்காயக் காட்டில் கூலி வேலை. களை எடுக்கவும் தாள் அறுக்கவும் நாள் முழுக்கக் குத்தவைத்தே உட்கார்ந்திருப்பவர். இரண்டு முட்டியும் வலி. "உழைச்ச உடம்புங்க சார். உட்கார்ந்து தின்னவங்களுக்கு வர்ற வலி எனக்கு ஏன் வருது?" என்று கேட்டார்.

இரண்டு கேள்விக்கும் பதில் ஏறக்குறைய ஒன்றுதான். இருவருடைய உடம்பும் வருஷக்கணக்கில் ஒரே அசைவைத்தான் செஞ்சிருக்கு. ஆனா ஆசிரியர் விஷயத்தில் தப்பு அவருடையது மட்டும் இல்லை. "வாக்கிங் போங்க" என்று இரண்டே வார்த்தையில் சொல்லி அடுத்த டோக்கனைக் கூப்பிட்டவர்கள் நாங்கள். அந்த இரண்டு வார்த்தை எங்கிருந்து வந்துச்சு?

லண்டனுக்குப் போகணும். வருஷம் 1949. ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர், ஏன் இவ்வளவு பேருக்கு ஹார்ட் அட்டாக் வருது என்று தேடிக்கிட்டிருந்தார். அவருக்குக் கிடைத்தது மாடி பஸ். ஒரே பஸ், ஒரே கம்பெனி, ஏறக்குறைய ஒரே சம்பளம். டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான படி ஏறி இறங்குவார். சுமார் 31,000 போக்குவரத்துத் தொழிலாளர்களின் கணக்கைப் பார்த்தாங்க. கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. வந்தாலும் உடனே செத்துப்போவது குறைவு. 1953-ல் லான்செட் இதழில் வெளியான இந்த ஆய்வுதான், உடல் அசைவுக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பைப் பெரிய அளவில் காட்டிய முதல் ஆய்வு.

(அரியலூரில் சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏத்திப் போற லாரி டிரைவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மாரிஸ் ஞாபகம் வரும்.)

அதுக்கப்புறம் உலகமே இதயத்தின் பின்னால் ஓடியது. 1965-ல் ஜப்பானில் ஒரு கம்பெனி, நடையை எண்ணும் கருவிக்கு 'மன்போ-கெய்' என்று பேர் வைத்தது. பத்தாயிரம் அடி மீட்டர் என்று அர்த்தம். ஆமாங்க, உங்க வாட்ச் தினமும் கேட்கிற அந்த 10,000 முதலில் ஒரு வியாபாரப் பெயர். ஆய்வுகள் எல்லாம் பின்னால் வந்தவை. 1968-ல் அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர் 'ஏரோபிக்ஸ்' என்ற புத்தகம் எழுத, ஊரே ஓட ஆரம்பித்தது. 1978-ல் அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின், ஆரோக்கியமானவர்களுக்கு எவ்வளவு உடற்பயிற்சி தேவை என்று முதல் பரிந்துரை வெளியிட்டது. அதிலும் இதயம், மூச்சு, எடை, இவ்வளவுதான். தசைக்குத் தனியாக எதுவும் இல்லை.

1990-ல்தான் திருப்பம். பாஸ்டனில் மரியா ஃபியாடரோன் என்ற மருத்துவர், முதியோர் இல்லத்தில் இருந்த பத்துப் பேரை எடுத்துக்கிட்டார். சராசரி வயது 90. கால் தசைக்கு எடைப் பயிற்சி, 8 வாரம். "இந்த வயசுல எடையா?" என்று யாரும் பயப்படத்தான் செய்வார்கள். கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. திரும்பவும் எழுதறேன், வயது 90.

அதே 1990-ல் அந்த அமெரிக்க அமைப்பு தன் பரிந்துரையில் தசைப் பயிற்சியைச் சேர்த்தது. 1998-ல் உடல் வளையும் பயிற்சி சேர்ந்தது. 2011-ல் சமநிலைப் பயிற்சி. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது இது: வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான அசைவு, வாரம் 2 நாளாவது தசைக்கு வேலை, 65 தாண்டியவர்களுக்கு இதோடு வாரம் 3 நாள் பலமும் சமநிலையும் கலந்த பலவகைப் பயிற்சி. எங்கள் பிரிஸ்கிரிப்ஷன் மட்டும் இன்னும் 1978-லேயே நிக்குது.

ஆனா இதெல்லாம் நமக்குப் புதுசா என்ன?

தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை, சிலம்பம். பலம், வளைவு, சமநிலை மூன்றும் அதில் இருக்கு. கர்லாக்கட்டையை இங்கே பார்த்த வெள்ளைக்காரன் ஊருக்குக் கொண்டுபோய் 'இந்தியன் கிளப்' என்று பேர் வைத்து ராணுவத்துக்கே சொல்லிக்கொடுத்தான். 1904, 1932 ஒலிம்பிக்ஸில் கட்டை சுற்றுவது ஒரு போட்டி. நாம அதை அய்யனார் சிலை கையோடு விட்டுட்டோம்.

வேலையிலும் வகை இருந்தது. ஏற்றம் இறைத்ததைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீங்க. மேலே மரத்தில் முன்னும் பின்னும் நடக்கிற ஆளுக்கு அது காலுக்கும் பயிற்சி, சமநிலைக்கும் பயிற்சி. வீட்டில் உலக்கை, அம்மி, தண்ணிக்குடம்.

உடனே "அந்தக் காலத்துல எல்லாரும் நூறு வயசு வாழ்ந்தாங்க" என்று வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம். சுதந்திரம் வாங்கினப்போ நம் சராசரி ஆயுள் சுமார் 32. தொற்றுநோயும் பசியும் பிரசவமும் கொன்னது. உழைப்பும் எல்லாருக்கும் நல்லது செய்யல. ஒரே வேலையை நாள் முழுக்க, ஓய்வில்லாமல், வேறு வழியில்லாமல் செய்தால் மூட்டு தேயும். வெங்காயக் காட்டு அம்மாவின் முட்டி சொல்வது அதைத்தான். அதை 'இயற்கை ஜிம்' என்று சொல்றவங்களை ஒரு நாள் முழுக்கக் குத்தவைத்து உட்காரச் சொல்லணும்.

சரி, என்ன செய்யலாம்?

நடையை விடாதீங்க. வாரத்தில் 2 நாள் அதைப் பாதியாக்கி, நாற்காலியில் எழுந்து உட்காருவது, சுவரில் கை வைத்துத் தண்டால், தண்ணீர் பாட்டிலைக் கையில் தூக்குவது. பல் தேய்க்கும்போது சுவரைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நிற்பது. சாப்பாட்டில் வரும் சர்க்கரையில் பெரும்பகுதியை வாங்கிக்கொள்வது தசைதான், அதனால் சுகர்காரர்களுக்கு இது இரட்டை லாபம். முட்டி நல்லா இருந்தால் மாதம் ஒரு தடவை செட்டிகுளம் மலைக்கோயில் படி ஏறுங்க. முருகனையும் பார்க்கலாம், லண்டன் கண்டக்டர் வேலையும் பார்த்த மாதிரி ஆச்சு.

இதய நோய் உள்ளவர்கள், இன்சுலின் போடுபவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு ஆரம்பிங்க. எடை தூக்கும்போது மூச்சை அடக்கக் கூடாது. நெஞ்சு வலித்தால் உடனே நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்கு வாங்க.

அந்த அம்மாவுக்குச் சொன்னது வேறு. அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நிமிர்ந்து நாலு நடை. தாள் அறுக்கும்போது சின்ன முக்காலி. ராத்திரி படுக்கையில் காலை நீட்டித் தொடையை இறுக்கி இறுக்கி விடுவது. "கூலிக்குப் போற இடத்துல முக்காலி யாரு குடுப்பா சார்?" என்றார். என்னிடம் பதில் இல்லை. போன வாரம் வந்தவர், உரச்சாக்கில் வைக்கோல் திணித்து அதன் மேல் உட்கார்ந்துக்கிறதா சொன்னார். காட்டில் இன்னும் மூணு பேர் அதே மாதிரி தைச்சுக்கிட்டாங்களாம்.

ஆசிரியர் மூணு மாசம் கழித்து வந்தார். நான் சொல்றதுக்கு முன்னாடியே கையைக் கட்டிக்கிட்டு நாற்காலியில் உட்கார்ந்துட்டார். 11 வந்துச்சு.

"இன்னும் ஒன்னு பாக்கி சார்" என்றார்.