தீர்ப்பே இல்லாத தண்டனை

1942 ஆகஸ்ட் 2. லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் ஒரு நீர்த்தேக்கம். அந்த வட்டாரத்துப் பசங்க அதுக்கு வெச்சிருந்த பேர் ஸ்லீப்பி லகூன். அதன் அருகே ஹோசே டியாஸ் என்ற இளைஞர் குற்றுயிராகக் கிடந்தார், பிறகு இறந்துபோனார். போலீஸ் சுமார் 600 இளைஞர்களை அள்ளிக்கொண்டு போனது, பெரும்பாலும் மெக்சிகன் அமெரிக்கர்கள். ‘38ஆவது தெரு கேங்’ என்று முத்திரை குத்தி 22 பையன்கள் மேல் வழக்கு. 1943 ஜனவரியில் 17 பேருக்குத் தண்டனை. 1944 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தனையையும் ரத்து செய்தது. லூயிஸ் வால்டெஸ் இதை நாடகமாக்கினார்; 1981இல் படமாகவும் வந்தது.

இதுவரைக்கும் பலருக்குத் தெரியும். அன்னிக்கு ராத்திரி அந்தக் கூட்டத்தில் பெண்களும் இருந்தார்கள். பதின்வயதுப் பெண்கள். போலீஸ் அவர்களையும் பிடித்து வைத்து, பையன்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லச் சொன்னது. சாட்சிக் கூண்டில் ஏறியும் அவர்கள் காட்டிக்கொடுக்கவில்லை. அவர்களில் ஐந்து பேரையாவது வென்ச்சுரா பெண்கள் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பினார்கள். ஜூரி கிடையாது, குற்றத் தீர்ப்பு கிடையாது. அரசின் பாதுகாப்பில் இருக்கும் சிறுமிகள் என்று ஒரு உத்தரவு, அவ்வளவுதான்.

நான் பார்க்கிற மென்பொருள் வேலையில், ஒரு தப்பைத் திருப்பணும்னா முதலில் அது லாக்கில் பதிவாகியிருக்கணும். பையன்களுக்குத் தீர்ப்பு இருந்தது, அதனால் அதை ரத்து செய்ய முடிந்தது. பெண்களுக்கு ரத்து செய்ய எதுவுமே இல்லை. பையன்களுக்காக நிதி திரட்டிய குழுவின் கவனமெல்லாம் சான் குவென்டின் சிறை மேலேயே இருந்தது. பையன்கள் வெளியே வந்த பிறகும் சில பெண்கள் அரசின் கண்காணிப்பிலேயே இருந்தார்கள்.

இது மனசை என்ன செய்யும்? அன்றைய பத்திரிகைகளைப் பார்த்தால் கொஞ்சம் புரியும். முட்டி தெரியும் பாவாடை, நீளமான கோட்டு, நெற்றிக்கு மேலே உயர்த்திச் சீவிய கொண்டை, அடர்ந்த லிப்ஸ்டிக். ‘பச்சூகா’ என்று பேர். கொண்டைக்குள் கத்தி ஒளித்திருக்கிறார்கள் என்று வதந்தி. கேங்கில் இருக்கிற பெண் என்றால் நடத்தை சரியில்லாதவள் என்றும் எழுதினார்கள். 1943 ஜூனில் கொதித்துப்போன சில மெக்சிகன் அமெரிக்கப் பெண்கள், தாங்கள் கன்னிப் பெண்கள்தான் என்று நிரூபிக்க டாக்டர் குழுவின் பரிசோதனைக்கே தயார் என்று முன்வந்தார்கள். அவர்கள் எழுதிய மறுப்புக் கடிதத்தை ஈஸ்ட்சைட் ஜர்னல் என்ற சின்னப் பத்திரிகை வெளியிட்டது. தன் உடம்பையே ஆதாரமாகக் கொடுக்க வேண்டிய நிலைக்கு ஒரு பதின்வயதுப் பெண்ணைத் தள்ளுவது எப்படிப்பட்ட அவமானம்! பையன்கள் யாரிடமும் இப்படியொரு சான்றிதழ் கேட்கவில்லை.

பல வருஷம் கழித்து அதே நகரத்தின் கிழக்குப் பகுதியில், வொயிட் ஃபென்ஸ், எல் ஹோயோ மரவில்லா என்ற இரண்டு கேங்குகளின் பழைய உறுப்பினர்களைச் சந்தித்தார் சமூகவியலாளர் ஜோன் மூர். அவர் புத்தகம் 1991இல் வந்தது. பேசிய பெண்களில் கணிசமானவர்கள் அடி, குடி, வீட்டுக்குள்ளேயே பாலியல் அத்துமீறல் என்று ஏற்கெனவே காயப்பட்ட வீடுகளிலிருந்து வந்தவர்கள். கேங் அவர்களுக்கு ஒதுங்க ஒரு நிழல். ஆனா அந்த நிழலிலும் சில பையன்கள் அவர்களைத் தங்கள் உடைமையாகத்தான் பார்த்தார்கள். வெளியே வந்த பிறகு, பழைய பையனை ‘இளரத்தம், அப்படித்தான்’ என்று ஊர் ஏற்றுக்கொண்டது. பெண்ணுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

கேங் பெண்களின் மனப் பாதிப்பு என்று பேசும்போது நாம தெருச் சண்டையை மட்டும்தான் நினைக்கிறோம். எனக்கென்னவோ காயம் மூணு இடத்தில் இருக்கிறதாகத் தோன்றுகிறது: தெருவுக்குத் துரத்திய வீடு, நண்பர்களைக் காட்டிக்கொடுக்காமல் கட்டிக்காத்த மௌனம், எத்தனை வருஷமானாலும் கழுவ முடியாத பேர். தெருவை விட்டு வெளியே வந்தால் தெரு முடிந்துவிடும். மத்த ரெண்டும் கூடவே வரும்.

1944இல் அந்தப் பையன்கள் விடுதலையானதைக் கொண்டாட ஆட்கள் இருந்தார்கள். வென்ச்சுராவிலிருந்து ஒவ்வொருத்தியாகத் திரும்பி வந்த பெண்களிடம், உங்கமேல தப்பில்லைன்னு சொல்ல ஒரு நீதிபதிகூட இல்லை.