கரகர சத்தத்துக்கு ஒரு சட்டம்

கள்ளக்குறிச்சிப் பக்கம் மீடியம் வேவ் ரேடியோ கேட்டவங்களுக்குத் தெரியும். பாட்டு ஓடிக்கிட்டு இருக்கும்போது தெருவுல ஒரு மொபெட் போகும், இல்ல பக்கத்து வீட்டுல மிக்சி ஓடும். உடனே கரகர! காரணம் தீப்பொறி. ஸ்பார்க் பிளக்லயும் மோட்டாரோட கார்பன் பிரஷ்லயும் தெறிக்கிற ஒவ்வொரு பொறியும் ஒரு குட்டி டிரான்ஸ்மிட்டர். கல்வராயன் மலை ஊர்கள் மாதிரி ஸ்டேஷனுக்குத் தூரமான இடத்துல சிக்னலே மெலிசு. அங்க சின்னப் பொறியே பாட்டை முழுங்கிடும்.

இதுக்காக உலக நாடுகள் 1934-ல் பாரிஸ்ல கூடி 'சிஸ்பர்'னு ஒரு குழு அமைச்சாங்க. எந்தக் கருவி எவ்வளவு இரைச்சல் விடலாம், அதை எப்படி அளக்கணும்னு முடிவு பண்றதுதான் வேலை. 1979-ல் அமெரிக்காவின் எஃப்.சி.சி கம்ப்யூட்டருக்கும் வரம்பு போட்டுது. 1996-லேர்ந்து ஐரோப்பாவில் கருவி விற்க இந்த விதி கட்டாயம். இரைச்சல் விடக்கூடாது, அடுத்ததோட இரைச்சலையும் தாங்கணும்.

நம்ம ஊர்ல? சென்னை தரமணியில் மத்திய அரசின் 'சமீர்' நிறுவனம் இந்தச் சோதனையைச் செய்யுது. ஆனா 2012-ல் வந்த கட்டாயப் பதிவு உத்தரவு டிவி, லேப்டாப் உட்பட 15 வகைப் பொருளுக்குக் கேட்டது ஷாக், தீ மாதிரி பாதுகாப்புச் சோதனைதான். தொலைத்தொடர்புக் கருவிகளுக்கு மின்காந்தச் சோதனையும் சேர்ந்த கட்டாயச் சான்று 2019-ல் தொடங்குச்சு. (கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதும் அதே வருஷம்தான்!)

யோசிச்சுப் பாருங்க. ஷாக் அடிச்சா வாங்கினவர் கடைக்காரரைப் பிடிப்பார். இரைச்சலால கஷ்டப்படறது பக்கத்து வீட்டுக்காரர். அவருக்காகப் பேச சட்டத்தை விட்டா யாருங்க இருக்கா?