கார்ல்ஸ்பாட் ஆணைகள் (1819)

ஜெர்மன் கூட்டமைப்பு நாடுகளில் பத்திரிகைகளையும் பல்கலைக்கழகங்களையும் அடக்கக் கொண்டுவரப்பட்ட சட்டங்கள். ஆஸ்திரிய வெளியுறவு அமைச்சர் மெட்டர்னிக்கின் கைவேலை.

நெப்போலியன் வீழ்ந்ததும் பழைய அரச வம்சங்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டன. ஆனால் அவரை எதிர்த்துப் போரிட்ட மாணவர்களோ ஒன்றுபட்ட ஜெர்மனியையும் அரசியல் சாசனத்தையும் கேட்டார்கள். 1819 மார்ச் 23 அன்று மான்ஹைம் நகரில் கார்ல் சான்ட் என்ற மாணவர், நாடகாசிரியர் கோட்செபுவைக் குத்திக் கொன்றார். மெட்டர்னிக்குக்கு நல்ல சாக்கு கிடைத்தது. ஆகஸ்டில் பொஹீமியாவின் வெந்நீரூற்று நகரான கார்ல்ஸ்பாடில் அமைச்சர்கள் கூடினர். செப்டம்பர் 20 அன்று பிராங்பர்ட் கூட்டமைப்பு மன்றம் ஆணைகளை ஏற்றது.

மாணவர் சங்கங்களுக்குத் தடை. பேராசிரியர்கள் மீது கண்காணிப்பு. மைன்ஸில் விசாரணை ஆணையம்.

தணிக்கை விதிதான் விசித்திரம். நாளிதழ்களோடு, 20 அச்சுத்தாளுக்கு மேற்படாத, அதாவது ஏறத்தாழ 320 பக்கம் வரையிலான நூல்களுக்கு மட்டுமே முன்தணிக்கை. தடித்த புத்தகம் எளியவர் கைக்கு எட்டாது என்ற கணக்கு. எழுத்தாளர்கள் சும்மா இருப்பார்களா? நூல்களைப் பருக்க வைத்தார்கள். கவிஞர் ஹைனே 1844இல் தம் ‘ஜெர்மனி: ஒரு குளிர்காலக் கதை’யைப் பிற கவிதைகளோடு சேர்த்தே வெளியிட்டார்.

1848 மார்ச் 13 அன்று வியன்னாவில் புரட்சி வெடிக்க, மெட்டர்னிக் பதவி விலகி இங்கிலாந்துக்குத் தப்பினார். ஏப்ரல் 2 அன்று ஆணைகள் ரத்தாயின.